ஆண்டுக் கணக்கும் நள்ளிரவு மின்சாரமும்

தகவல் தொழில்நுட்ப நிர்வாகிகள், அரசுத் துறைகளின் கணினிப் பிரிவினர், முதலீட்டாளர்கள் ஆகியோரிடையே இன்று ஒரு நம்பிக்கை கேள்விக்கு இடமின்றி வேரூன்றியிருக்கிறது. சொந்தக் கட்டடத்தில் ஓடிய சர்வர்களை நிறுத்திவிட்டு, அவை செய்த வேலையை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்ற நிறுவனங்கள் வாடகைக்கு விடும் மேகக் கணிமைக்கு மாற்றிவிட்டால் கரிம உமிழ்வு பற்றிய கவலையும் கைமாறிவிடுகிறது என்பதும், அந்நிறுவனங்களின் தரவு மையங்கள் முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் இயங்குவதால் இனி அளக்கவோ குறைக்கவோ பெரிதாக ஒன்றுமில்லை என்பதும் அந்நம்பிக்கையின் சாரம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அறிவிப்புகள் பொய்யானவை அல்ல. கூகுள் 2017 முதல், தான் ஓராண்டில் செலவிடும் மின்சாரத்துக்கு ஈடான அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கிவருகிறது. 2030இல் எட்டுவதாகச் சொன்ன இதே இலக்கை 2023லேயே எட்டிவிட்டதாக அமேசான் அறிவித்தது. கோளாறு இருப்பது அறிவிப்பின் உண்மையில் அன்று. அந்த உண்மை எதைப் பற்றியது என்பதை வாசிப்போர் தவறாகப் புரிந்துகொள்வதிலும், அத்தவறான புரிதலால் நிறுவனங்கள் பயனடைவதிலும்தான்.

கரிமத் தடம் என்பது ஒரு செயலால் நேரடியாகவும் மறைமுகமாகவும் வெளியாகும் பைங்குடில் வாயுக்களைக் கரியமில வாயுவின் எடைக்கு ஈடாக மாற்றிக் கூட்டிச் சொல்லும் அளவு. உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றும் பைங்குடில் வாயு நெறிமுறை அதை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறது: நிறுவனமே எரிக்கும் எரிபொருளால் வருவது முதல் வரம்பு, விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது இரண்டாம் வரம்பு, வாங்கும் பொருள்களும் கட்டும் கட்டடங்களும் பிறர் செய்துதரும் சேவைகளும் அடங்கியது மூன்றாம் வரம்பு. இவற்றுள் இரண்டாம் வரம்பை இருவகையாகக் கணக்கிடவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் வழிகாட்டல் கூறுகிறது. தரவு மையம் இருக்கும் ஊருக்கு மின்சாரம் தரும் மின்கட்டமைப்பின் சராசரி உமிழ்வைக் கொண்டு கணக்கிடுவதை இடவழிக் கணக்கு என்றும், நிறுவனம் கையெழுத்திட்ட மின்கொள்முதல் ஒப்பந்தங்களையும் வாங்கிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ்களையும் கொண்டு கணக்கிடுவதைச் சந்தைவழிக் கணக்கு என்றும் தமிழில் சொல்லலாம். இரண்டையும் வெளியிட வேண்டும் என்பது விதி; மேடையிலும் விளம்பரத்திலும் பேசப்படுவதோ இரண்டாவது மட்டுமே.

இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலான தொலைவு சிறியதன்று. 2023 நிதியாண்டில் மைக்ரோசாஃப்டின் இரண்டாம் வரம்பு உமிழ்வு சந்தைவழிக் கணக்கில் 4 லட்சம் டன்னுக்கும் குறைவு. அதே ஆண்டு, அதே மின்சாரம், இடவழிக் கணக்கில் 80 லட்சம் டன்னைத் தாண்டியது. கூகுள், மைக்ரோசாஃப்ட், மெட்டா, ஆப்பிள் ஆகிய நான்கும் தாமே நடத்தும் தரவு மையங்களின் 2020 முதல் 2022 வரையிலான உமிழ்வை இடவழியில் ஆராய்ந்த கார்டியன் நாளிதழ், அது அறிவிக்கப்பட்ட அளவைப் போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு என்று 2024இல் எழுதியது.

ஈடு கட்டப்படுவது ஆண்டு மொத்தத்தில் என்பதே இந்த வேறுபாட்டின் வேர். நண்பகலில் ஒரு சூரியப் பூங்கா தரும் மின்சாரம், நள்ளிரவில் எங்கோ ஓடும் சர்வரின் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. அந்த நள்ளிரவில் சர்வருக்கு மின்சாரம் தந்தது எரிவாயு நிலையமாகவோ அனல்மின் நிலையமாகவோ இருந்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதியதன்று. மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுப் பருவத்தில் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சொந்தக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை மின்வாரியத்தில் 'பேங்கிங்' முறையில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் கழித்துக்கொள்ளும் வழக்கம் கொங்கு வட்டார நூற்பாலைகளுக்கு நெடுங்காலமாக உண்டு. ஜனவரியில் அந்த ஆலைக்குத் தர வேண்டிய மின்சாரத்தை வேறெங்கிருந்தாவது வாங்கிச் சமாளிக்கும் சுமை தன் தலையில் விழுகிறது என்று வாரியம் பல்லாண்டுகளாக முறையிட்டுவருவதும் தெரிந்ததே. ஜூன் மாதக் காற்றால் ஜனவரியில் ஆலை ஓடவில்லை என்பது வாரியப் பொறியாளர் எவருக்கும் விளக்க வேண்டாத செய்தி. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளை வாசிப்போர்க்கு மட்டும் அது மறந்துபோகிறது.

மறுப்பு வெளியிலிருந்து வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஆண்டுக் கணக்கில் 100 விழுக்காடு என்று சொல்லும் கூகுளே, 2020 முதல் வேறோர் இலக்கையும் முன்வைத்திருக்கிறது: ஒவ்வொரு மணிநேரமும், தரவு மையம் இருக்கும் அந்தந்த மின்கட்டமைப்பிலேயே, கரிமமற்ற மின்சாரத்தால் தேவையை நிறைவுசெய்வது. அந்த அளவுகோலின்படி 2023இல் அதன் உலகளாவிய சராசரி 64 விழுக்காடு. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரு எண்கள். இவற்றுள் எது காற்றுமண்டலத்துக்கு நெருக்கமானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அதே நிறுவனத்தின் மொத்த உமிழ்வு 2019ஐ விட 2023இல் 48 விழுக்காடு உயர்ந்திருந்தது.

இந்த இடைவெளியைக் காண அயர்லாந்தைக் காட்டிலும் தெளிவான களம் வேறு கிடைப்பது அரிது. அந்நாட்டு மையப் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, 2015இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் 5 விழுக்காடாக இருந்த தரவு மையங்களின் பங்கு 2023இல் 21 விழுக்காடாகி, நகர்ப்புற வீடுகள் அனைத்தின் பங்கான 18 விழுக்காட்டை முந்தியது. மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கையொட்டி காற்றிலிருந்து பெறும் நாடு அது. ஆனால் காற்று ஓயும் நாள்களில் சுமையைத் தாங்குவது பெரிதும் எரிவாயு. டப்ளின் வட்டாரத்தில் மின்இணைப்புக்கு நெருக்கடி முற்றியபோது, சில தரவு மையத் திட்டங்கள் எரிவாயுக் குழாயோடு நேரடியாக இணைந்து தமக்குத் தாமே மின்சாரம் ஆக்கிக்கொள்ள முனைந்தன. அந்நாட்டு மின்கட்டமைப்போடு இணைந்த மேகத் தரவு மையங்களில் ஓடும் மென்பொருளின் உரிமையாளருக்குக் கிடைக்கும் சந்தைவழி அறிக்கையில் மின்சாரத்துக்கான உமிழ்வு பூஜ்யமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கும்.

அந்தப் பூஜ்யமே இந்த நம்பிக்கை விளைவிக்கும் தீங்குகளுள் தலையாயது. ஓர் அளவு குறைப்பதற்குப் பயன்பட வேண்டுமானால், வீண்செலவைக் குறைத்தவருக்குச் சிறிய எண்ணும் பெருக்கியவருக்குப் பெரிய எண்ணும் காட்ட வேண்டும். சந்தைவழிக் கணக்கிலோ, யாரும் பயன்படுத்தாத மெய்நிகர் கணினிகளை ஆண்டு முழுவதும் ஓடவிட்டவருக்கும் அவற்றை நிறுத்தியவருக்கும், நிலக்கரி மிகுந்த மின்கட்டமைப்பைத் தேர்ந்தவருக்கும் நீர்மின்சாரம் மிகுந்த நாட்டைத் தேர்ந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே விடைதான் கிடைக்கிறது. அமேசான் 2022இல் வாடிக்கையாளர்களுக்கு அளித்த கரிமத் தடக் கருவி தொடக்கத்தில் இந்தக் கணக்கை மட்டுமே காட்டியது. இடவழிக் கணக்கு பின்னரே சேர்ந்தது. பிழையான அளவு திருத்தப்படக்கூடியது. திருத்தத்துக்கான தேவையே தோன்றாதபடி செய்யும் அளவு அதைவிடக் கேடானது.

மேகக் கணிமையின் ஆதரவாளர்கள் திறனை முன்வைத்து வாதிடுவதுண்டு. அதில் பாதி நியாயம் உள்ளது. 2010க்கும் 2018க்கும் இடையே உலகத் தரவு மையங்களின் கணிப்பணி ஆறு மடங்குக்கும் மேலாகப் பெருகியபோது மின்நுகர்வு சுமார் 6 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது என்று எரிக் மசனெட் குழுவினர் 2020இல் 'சயின்ஸ்' இதழில் காட்டினர். சிறு சிறு சர்வர் அறைகள் பெரு மையங்களுக்கு இடம்பெயர்ந்தது அதற்கொரு முக்கியக் காரணம். ஆனால் அந்த ஆய்வு ஒரு காலகட்டத்தின் வரலாறு, என்றைக்குமான விதியன்று. சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2024இல் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் செலவிட்டன. 2030இல் அது 94,500 கோடியை எட்டும் என்று முகமை கணிக்கிறது. திறன் கூடக்கூட நுகர்வு பெருகுவதை பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவான்ஸ் 1865லேயே நிலக்கரியை வைத்து எழுதிவிட்டார்.

திறனுக்குச் சான்றாக நீட்டப்படும் பியூஇ என்னும் விகிதத்தையும் இங்கே உரைத்துப் பார்க்கவேண்டும். தரவு மையம் வாங்கும் மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்கு மட்டும் செல்லும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது அது. குளிர்விப்புக்கும் விளக்குகளுக்கும் எவ்வளவு போகிறது என்பதைச் சொல்கிறது. கூகுளின் சராசரியான 1.1 உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆயினும் அந்தக் கணினிகள் செய்வது பயனுள்ள வேலையா என்பதைப் பியூஇ கேட்பதே இல்லை. வீணாக ஓடும் சர்வர்களை அணைத்தால் வகுக்கும் எண் சுருங்கி, குளிர்விப்பு அதே விகிதத்தில் குறையாத நிலையில், பியூஇ மோசமாகிறது. சிக்கனத்தைத் தண்டிக்கும் அளவுகோல் சிக்கனத்தின் சான்றாக வலம்வருகிறது.

மின்சாரத்துக்கு அப்பால், சிப்பு, சர்வர், சிமென்ட், எஃகு ஆகியவற்றை ஆக்கும்போதே வெளியாகிவிடும் உமிழ்வு தனி. மைக்ரோசாஃப்டின் மொத்த உமிழ்வில் 96 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம் வரம்பைச் சேர்ந்தது. 2030இல் வெளிவிடுவதை விட மிகுதியாகக் கரிமத்தை அகற்றுவோம் என்று 2020இல் உறுதியளித்த அந்நிறுவனத்தின் உமிழ்வு 2023இல் 29 விழுக்காடு கூடியிருந்ததற்குத் தரவு மையக் கட்டுமானமே பெருங்காரணம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அமேசானும் மெட்டாவும் இடம்பெற்ற 'எமிஷன்ஸ் ஃபர்ஸ்ட்' கூட்டணி, சுத்தமான மின்கட்டமைப்பில் மணிக்கு மணி ஈடுகட்டச் செலவிடும் பணத்தை நிலக்கரி மிகுந்த நாடுகளில் சூரிய நிலையங்களுக்குச் செலவிட்டால் தவிர்க்கப்படும் உமிழ்வு கூடும் என்கிறது. இதை எள்ளி ஒதுக்கலாகாது. ராஜஸ்தானில் எழும் ஒரு சூரியப் பூங்கா நிலக்கரியை இடம்பெயர்ப்பது உண்மையே. ஆனால் அது ஒரு நற்செயலின் கணக்கு. தரவு மையத்தின் உமிழ்வுக் கணக்கன்று. இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து விடையை மட்டும் காட்டலாகாது. 2025 அக்டோபரில் பைங்குடில் வாயு நெறிமுறை கருத்துக் கேட்புக்கு விட்ட திருத்த வரைவு, மணிவாரிப் பொருத்தத்தையும் மின்சாரம் உண்மையில் வந்துசேரக்கூடிய எல்லையையும் வலியுறுத்துவது இந்த நோக்கில் சரியான திசை.

அளப்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2024இல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட மென்பொருள் கரிமச் செறிவு என்னும் முறை, மென்பொருள் செலவிடும் மின்சாரத்தை அந்த இடத்து மின்கட்டமைப்பின் கரிமச் செறிவால் பெருக்கி, வன்பொருளை ஆக்கியதன் உமிழ்வில் உரிய பங்கைக் கூட்டி, ஒரு பயனருக்கு அல்லது ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்கிறது. சான்றிதழ்களுக்கும் கரிம ஈடுகளுக்கும் அதில் இடமே இல்லை. இப்படி அளந்தால் உடனே சில உண்மைகள் முகத்தில் அறையும். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 700 கிராமையொட்டி வெளியாகும் கரியமில வாயு, ஸ்வீடனில் 50 கிராமுக்கும் குறைவு. பணப் பரிவர்த்தனைத் தரவை இந்தியாவிலேயே வைக்கவேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு ஆணை போன்றவற்றால் எல்லா வேலையையும் அங்கே அனுப்ப இயலாது; ஆனால் நேரத்தை மாற்றுவதற்கு அத்தகைய தடை இல்லை. காப்புநகல் எடுப்பது, அறிக்கை தயாரிப்பது, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பது போன்ற அவசரமற்ற பணிகளை நள்ளிரவில் ஓட்டுவது இந்தியக் கணினித் துறையின் பழைய பழக்கம். சூரிய மின்சாரம் அறவே இல்லாமல் நிலக்கரி பெருஞ்சுமையைத் தாங்கும் நேரமும் அதுவே.

இவற்றை மாற்றத் தூண்டுதல் எங்கிருந்து வரும் என்பதில்தான் இந்திய நிலைமை கவலைக்குரியது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதிகளின்படி சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்கள் முதல், இரண்டாம் வரம்பு உமிழ்வைக் கட்டாயம் வெளியிடவேண்டும். மூன்றாம் வரம்பு விருப்பத்தின்பாற்பட்டது. அம்பத்தூரிலுள்ள சொந்தச் சர்வர்களை மும்பையிலுள்ள மேகத்துக்கு மாற்றும் நிறுவனத்தின் மின்சாரம் இரண்டாம் வரம்பிலிருந்து மூன்றாம் வரம்புக்குத் தாவி, கட்டாயக் கணக்கிலிருந்தே மறைகிறது. ஒரு யூனிட்டும் குறையாவிட்டாலும் அறிக்கையில் உமிழ்வு குறைகிறது. வழங்கும் நிறுவனத்திடமிருந்து மணிவாரி இடவழித் தரவைப் பெறும் நிபந்தனையை இடமாற்ற ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவும், அந்த எண்ணைக் கட்டாயக் கணக்கின் அருகிலேயே அச்சிடவும் இன்றைய விதிகளில் தடை எதுவுமில்லை.