சம்மதமா, ஊர்விலக்கா?

திருத்தணி மலையில் மொட்டையடித்துக் கொள்ளுகிறவர்களை நாம் கண்டித்து எழுதுவதுண்டு. என்றாலும் தலைமயிர் போவது அவர்களுக்குத் தெரிந்தே போகிறது. மறுபடியும் முளைத்தும் விடுகிறது. செல்போன் வைத்திருக்கும் கனவான்களுக்கோ தங்களிடமிருந்து போவது இன்னதென்றே தெரிவதில்லை.

வாட்ஸ்அப்பை 2014-ல் பேஸ்புக் கம்பெனியார் வாங்கினார்கள். நம் விவரங்களைப் பேஸ்புக் விளம்பரத்திற்கு உபயோகிக்கக்கூடாது என்று சொல்ல, அதில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2016-ல் முப்பது நாள் தவணையாவது கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் வந்த புது நிபந்தனையிலோ அதுவும் இல்லை; ஒப்புக்கொண்டால் இரு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு என்றாய்விட்டது.

எங்கே போவது? மளிகைக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எல்லைக்கப்பால் நகரியிலிருக்கும் சம்பந்தி ஆகிய எல்லோரும் அதிலேயே இருக்க, ஒருவன் மாத்திரம் வெளியேறுவதற்கு இஷ்டம் என்று பெயரா, ஊர்விலக்கு என்று பெயரா?

செய்தியைத் தாங்கள் படிப்பதில்லையென்று சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியே வைத்துக் கொள்ளுவோம். போன் நம்பரும், கருவியின் அடையாளமும், எந்த வியாபாரியிடம் எப்படிப் பழகினோம் என்பதும் தாய்க் கம்பெனிக்குப் போகலாமென்று அந்த நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறதே, அதற்கென்ன சமாதானம்?

நிற்க, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இதை ஆதிக்க துஷ்பிரயோகமென்று தீர்மானித்து, 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, விளம்பரத்திற்காக விவரங்களைக் கொடுப்பதை ஐந்து வருஷம் தடுத்தது. 2025 நவம்பரில் அப்பீல் டிரிபியூனல் அபராதத்தை நிலைநிறுத்தி, தடையை ரத்து செய்தது. மறுப்பதற்கு ஜனங்களுக்கு வழியிருக்க வேண்டுமென்பதையும் ஒப்புக்கொண்டது. அந்த வழியை ஏழு மடிப்புக்குள் ஒளிக்காமல், தமிழிலும் தெலுங்கிலும் முகப்பிலேயே வைக்கும்படி நாம் கேட்க வேண்டாமா?