ஒசாகா செல்லும் மருமகளுக்கு



கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் என் மேசைமீது இருக்கிறது. அவருடைய மகன் ஜப்பானின் ஒசாகா நகரில் பணி புரிகிறார். மருமகள் மூன்று வயதுப் பேரனுடன் முதன்முறையாகத் தனியே அங்குச் செல்லவிருக்கிறார். மகனுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லையாம். வேலை முடிந்ததும் இரயில் நிலையத்துக்கு வந்துவிடுவதாகக் கூறியிருக்கிறார். "டோக்கியோவில் இறங்கி அதிவேக இரயிலில் போனால் விமானச் சீட்டு மலிவாக முடிகிறது என்கிறார்கள். அப்படி அனுப்பலாமா?" என்பது அத்தாயாரின் வினா.

அனுப்ப வேண்டாம், அம்மா. அந்த மலிவு விமானச் சீட்டோடு முடிந்துவிடும் மலிவு.

நரிதா விமான நிலையம் டோக்கியோவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் நகரிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து டோக்கியோ நிலையத்துக்கு இரயிலில் ஒரு மணி நேரம். அந்நிலையமோ ஒரு சிற்றூர் அளவுக்குப் பரந்தது. பெட்டிகளோடும் குழந்தையோடும் அதைக் கடந்து, ஷின்கான்சென் என்னும் அதிவேக இரயிலைப் பிடிக்க வேண்டும். மிக விரைவான 'நொஸோமி' வண்டி 515 கிலோ மீட்டரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். நீள, அகல, உயரங்களைக் கூட்டினால் 160 சென்டி மீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென உள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதியும் 2020 முதல் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான சலுகைச் சீட்டு, கணவருடன் குடியிருக்கும் விசாவில் செல்வோருக்குக் கிடையாது. கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

டோக்கியோவில் அலுவல் உள்ளவருக்கு அது அருமையான பயணம் என்பதை மறுக்கவில்லை. 1964-இல் அப்பாதை திறக்கப்பட்டபோது நான்கு மணி நேரப் பயணம் அது. வானம் தெளிந்திருந்தால், ஒசாகா நோக்கிச் செல்கையில் வலப்புறம் ஃபூஜி மலை தெரியும். ஆனால் இரவு முழுதும் விமானத்தில் விழித்திருந்த குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு ஃபூஜி மலையால் என்ன ஆறுதல்?

ஆகவே சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பாங்காக்கிலோ விமானம் மாறி, நேரே ஒசாகாவில் இறங்குவதே நலம். இங்குதான் கவனம் வேண்டும். அந்நகரில் பெயர்கள் நம்மை ஏமாற்றும். 'ஒசாகா சர்வதேச விமான நிலையம்' என்ற பெயர் இதாமியில் உள்ள பழைய நிலையத்துக்கு உரியது. இப்போது அங்கு வந்து போவன எல்லாம் உள்நாட்டு விமானங்களே. நாம் இறங்க வேண்டியது 1994 செப்டம்பர் 4-இல் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையம். சீட்டில் 'கே.ஐ.எக்ஸ்.' என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலைத் தூர்த்து எழுப்பிய செயற்கைத் தீவின்மேல் அமைந்தது கன்சாய். அத்தீவு தன் எடையைத் தாங்காமல் இன்றும் சிறுகச் சிறுக அமிழ்ந்துகொண்டே இருக்கிறது. கட்டடம் சாய்ந்துவிடாதபடி அதன் தூண்களை 'ஜாக்கி' கொண்டு உயர்த்திச் சமன் செய்கிறார்கள்! கரையோடு தீவை இணைப்பது ஒரே பாலம். நீளம் 3,750 மீட்டர். மேல் தளத்தில் சாலை, கீழ்த் தளத்தில் இரயில். 2018-ஆம் ஆண்டு, நிலையம் திறக்கப்பட்ட அதே செப்டம்பர் 4-ஆம் நாள், வீசிய சூறாவளியில் ஓடுபாதையைக் கடல்நீர் மூடியது. நங்கூரம் இழுபட்ட ஓர் எண்ணெய்க் கப்பல் பாலத்தின்மீது மோதியது. ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே இரவைக் கழித்தனர். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பயணம் வைப்பவர்கள் வானிலைச் செய்தியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

விமானத்திலிருந்து இறங்கியதும் விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள். நீண்ட காலம் தங்குவோருக்குரிய குடியிருப்பு அட்டையையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். மாமியார்கள் கவனத்துக்கு ஒன்று: மகனுக்குப் பிடிக்குமே என்று உப்புக்கண்டமோ வேறு இறைச்சிப் பண்டமோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கு அது கடுந்தண்டனைக்குரிய குற்றம். நிலையத்தில் தொழுகை அறை இருக்கிறது. கிப்லா, நம் ஊரைப் போலவே, மேற்கிலிருந்து சற்று வடக்கே. பெரிய பெட்டிகளை அங்குள்ள கூரியர் முகப்பில் கொடுத்துவிட்டால் வீட்டில் கொண்டு சேர்த்துவிடுவார்கள். குழந்தையும் கைப்பையும் மட்டுமாக இரயில் ஏறலாம்.

எந்த இரயில்? இதற்கு விடை, மகனின் வீடு நகரின் எப்பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தென்பகுதியானால் 'நன்காய்' நிறுவனத்தின் இரயிலில் ஏறி நம்பா நிலையத்தில் இறங்க வேண்டும். அந்நிறுவனத்தின் 'ராபிட்' விரைவு வண்டி நாற்பது நிமிடத்துக்குள் சென்றுவிடும். வடபகுதியானால் ஜே.ஆர். நிறுவனத்தின் 'ஹருகா'. 2023 முதல் அது ஒசாகா நிலையத்திலும் நிற்கிறது. ஐம்பது நிமிடம் போல ஆகும். இரு நிறுவனங்களின் நுழைவாயில்களும் அருகருகே இருக்கும். ஆனால் ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது.

இன்னொரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜே.ஆர். 'ஒசாகா' என்று அழைக்கும் இடமும் சுரங்க இரயிலார் 'உமேடா' என்று அழைக்கும் இடமும் ஒன்றையொன்று ஒட்டியவை. ஆனால் ஷின்கான்சென் நிற்கும் 'ஷின் ஒசாகா'வோ யோதோ ஆற்றுக்கு அப்பால் உள்ள வேறு நிலையம். "ஒசாகா ஸ்டேஷனில் நிற்கிறேன்" என்று மகன் சொன்னால், எந்த ஒசாகா, எந்த வாயில் என்று கேட்டு, மருமகள் தாளில் எழுதிக்கொள்ளட்டும். விமானம் இரவு வெகு நேரம் கழித்து இறங்குவதாகவும் இருக்கக் கூடாது. நள்ளிரவை ஒட்டி இரயில்கள் நின்றுவிட்டால் விடியற்காலையில்தான் மறுபடி ஓடும். வாடகைக் கார்க் கட்டணத்தைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்.

திரும்பி வரும்போது நான் பட்ட பாட்டை மறைக்காமல் எழுதுகிறேன். செலவைக் குறைக்க எண்ணி, கூடுதல் கட்டணம் இல்லாத 'கன்சாய் விமான நிலைய விரைவு வண்டி'யில் ஏறினேன். எட்டுப் பெட்டிகள் கொண்ட அவ்வண்டி ஹினெனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரையுள்ள பெட்டிகள் விமான நிலையத்துக்கும், 5 முதல் 8 வரையுள்ளவை வகயாமா என்னும் ஊருக்கும் செல்லும். அறிவிப்பு ஆங்கிலத்திலும் வந்தது. நான்தான் கண்ணயர்ந்திருந்தேன். கடலும் பாலமும் வரும் என்று காத்திருந்தவனுக்கு எதிரே மலைச்சரிவு தெரிந்தபோது நெஞ்சம் பதறிப்போயிற்று. அடுத்து நின்ற நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டியைப் பிடித்து ஹினெனோவுக்கு மீண்டு, ஓடோடிச் சென்று விமானத்தைப் பிடித்தேன். மூன்று மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டிருந்ததால் பிழைத்தேன். கையில் குழந்தையும் இருந்திருந்தால் அப்படி ஓடியிருக்க முடியாது.

கடிதம் எழுதிய தாயார், மகனின் வீட்டுக்கு அருகிலுள்ள இரயில் நிலையத்தின் பெயரைக் கேட்டு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பட்டும். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதைத் தமிழிலும், நிலையங்களின் பெயர்களை ஜப்பானிய எழுத்திலுமாக ஒரு தாளில் வரைந்து அனுப்பி வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ். வழியில் எவரிடமும் அதைக் காட்டிக் கேட்கலாம்.