ஏரியை யூலையிலும் படம் பிடியுங்கள்

ஐரோப்பாவில் வாழும் எமது நண்பர்கள் மலையேரிகளைப் படம் பிடிக்கிறார்கள். ஒரே கரை, ஒரே மலை, நான்கு படங்கள். வசந்தத்தில் பூ, கோடையில் நீலம், இலையுதிர்காலத்தில் செம்மஞ்சள், பனிக்காலத்தில் வெள்ளை. கீழே இரண்டு வரிக் கவிதை. கைபேசியில் வந்து விழும் இந்தப் படங்களைச் சமையலறைக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் குந்தியிருந்து நாம் பார்க்கிறோம். வளைகுடா நாட்டு உணவகங்களில் கோப்பை கழுவியும் ரொட்டி தட்டியும் பிழைக்கும் எமக்கு அந்தப் படங்களோடு ஒரு வழக்கு இருக்கிறது. பொறாமை என்பார்கள். சொல்லட்டும், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கட்டும். வழக்கு வழக்குத்தான்.

ஏரியின் நான்கு பருவங்கள் என்று சொல்லிக் காட்டப்படுவது கரையில் நிற்கும் மரத்தின் பருவம். ஏரிக்கென்று ஒரு பருவம் உண்டு. அது தண்ணீரின் மட்டம். அது ஏறும், இறங்கும். யாரோ திறப்பார்கள், யாரோ அடைப்பார்கள். வன்னியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரணைமடு இன்று என்ன நிறம் என்று ஆரும் கேட்டதில்லை. எத்தனை அடி தண்ணி நிக்குது என்றுதான் கேட்பார்கள். அடியைச் சொன்னால் சிறுபோகம் எவ்வளவுக்கு விதைக்கலாம் என்று தேத்தண்ணிக் கடையிலேயே கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். மட்டத்தை மறைத்து மரத்தைக் காட்டும் படம் எமக்குப் பாதிப் படம். மறைந்திருக்கும் மற்றப் பாதியில்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

நாம் யார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றேனும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஆகவே இங்கே அகதி என்றொரு ஆள் இல்லை. ஓடி வந்தவனும் உழைக்க வந்தவனும் ஒரே தொழில் விசாவில் நிற்கிறார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் போக இடமில்லை. எம்மில் இருவர் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள், ஒருவர் மஸ்கெலியாத் தோட்டத்துப் பெடியன், மற்றவர்கள் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் பலமுறை இடம்பெயர்ந்தவர்கள். எமது கடவுச்சீட்டுகள் முதலாளியின் லாச்சியில் கிடக்கின்றன. அப்படி வைத்திருப்பது இந்த நாட்டிலேயே சட்டவிரோதம் என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

பாலைவனத்தில் இருந்துகொண்டு ஏரி பற்றிப் பேச உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். ஹத்தா இருக்கிறது. டுபாய் நகரத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரத்தில், ஹஜர் மலைத்தொடருக்குள், ஓமான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் டுபாயின் தனித் துண்டு நிலம் அது. 1990களில் கட்டிய அணைக்குப் பின்னால், பச்சையென்றும் நீலமென்றும் சொல்ல முடியாத நிறத்தில் தண்ணீர். சுற்றிவர மரமில்லாத மண்ணிற மலை. கயாக் படகில் போய் நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சந்தேகமில்லை, அழகான இடம். ஓய்வுநாள் கிடைத்தால் நாமும் போகிறோம்.

ஆனால் ஹத்தாவின் படங்களை அடுக்கிப் பாருங்கள். எல்லாம் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எடுத்தவை. 2020 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உள்நாட்டுச் சுற்றுலாவுக்காக ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கியது. உலகத்திலேயே இதமான குளிர்காலம் எமது நாட்டில்தான் என்பது அதன் சாரம். குளிர்காலத்தை விற்கலாம், விற்கட்டும். விற்க முடியாத கோடை எங்கே போனது? யூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு ஒரு பருவம் இங்கே இருக்கிறது. வருடத்தின் கால்வாசி அது. ஏரிப் படங்களில் அதற்கு ஒரு சதுர அங்குலமும் கிடையாது.

இந்த ஊரில் படம் பிடிப்பவர்களுக்குக் காசில் குறையில்லை. டுபாயின் ஹம்தான் சர்வதேசப் புகைப்பட விருது 2011இல் ஏற்படுத்தப்பட்டது. பல ஆண்டுகளாக அதன் பெரும் பரிசு 120,000 டொலராக இருந்தது. அதன் ஒன்பதாவது சுற்றுக்கு, 2019-2020இல், கொடுத்த கருப்பொருள் ‘நீர்’. பெரும் பரிசு ஒரு திமிங்கிலப் படத்துக்குப் போனது. எடுத்தவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜாஸ்மின் கேரி. திமிங்கிலத்தோடு எமக்குப் பகை இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கி உயிர் வாழும் ஒரு நகரம் நீரைப் பற்றிப் பரிசு கொடுக்கிறபோது, குழாய்க்கு முன்னால் நிற்பவன் ஒருவனும் நினைவுக்கு வந்திருக்கலாம்.

ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜெய்ஸ் மலையில் 2004இலும் 2009இலும் 2017இலும் பனி விழுந்தது. அந்தப் படங்கள் உலகமெல்லாம் ஓடின. ஐரோப்பாவின் நான்காவது பருவம் எமக்கும் கிடைத்துவிட்டது என்ற குதூகலம். அதற்குப் பக்கத்தில் 2024 ஏப்பிரல் 16ஐ வையுங்கள். அல் ஐன் பகுதியில் ஒரு நாள்கூட முழுதாக ஆகாமல் 254 மில்லிமீற்றர் மழை. 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து அப்படி ஒன்று இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னர் ஓமானில் வாதிகளில் வெள்ளம் புரண்டு பாடசாலைப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. வாதி என்பது வருடம் முழுக்கக் காய்ந்து கிடந்து, ஒருநாள் திடீரென்று ஆறாகிற பள்ளத்தாக்கு. ஹத்தாவின் தண்ணீரும் இத்தகைய மழையின் மிச்சந்தான். பருவம் என்றால் இந்த மலைகளுக்கு இதுதான் பருவம். அதற்குப் பூவும் இல்லை, சருகும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் ஹத்தாவில் நீர்மின் திட்டமொன்று தொடங்கப்பட்டது. 250 மெகாவாற். அணைக்கு மேலே, மலைக்குள், இன்னொரு நீர்த்தேக்கம். சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் ஏரியின் தண்ணீரை மேலே ஏற்றுவது, மின்சாரம் தேவைப்படும் நேரத்தில் அதைக் கீழே விட்டுச் சுழலியைச் சுற்றுவது. வளைகுடாவில் இந்த வகையில் இதுவே முதலாவது. நல்ல பொறியியல், குறை சொல்ல மாட்டோம். ஆனால் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். அப்படி ஓடும் ஏரியின் மட்டத்தை மாதமோ மழையோ தீர்மானிக்கப் போவதில்லை. இரவு ஒரு பருவம், பகல் ஒரு பருவம். இதை எந்த நான்கு சட்டகத்துக்குள் அடைப்பீர்கள்?

பருவம் நான்கு என்று யார் எழுதிவைத்தது? எமது இலக்கணம் ஆறு என்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இங்குள்ள அரபு மக்கள் பழைய கணக்கில் வருடத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து எண்ணினார்கள். அந்தக் கணக்கு ஸுஹைல் நட்சத்திரம் விடியற்காலையில் தெரிகிற நாளில், ஓகஸ்ட் 24 அளவில், தொடங்கும். ஸுஹைல் வந்துவிட்டது, இனி வெயில் தணியும் என்று கிழவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஸுஹைல் வேறு யாருமில்லை, எமது அகத்தியர்தான். அகத்திய நட்சத்திரம் உதித்தால் கலங்கிய நீர் தெளியும் என்று வடமொழி நூல்களில் உண்டு. மஸ்கெலியாவிலிருந்தும் தெரியும், ஹத்தாவிலிருந்தும் தெரியும். சுவிஸிலிருந்து தெரியாது, அங்கே அது அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. எமது தண்ணீரின் நாட்காட்டியைத் தொடக்கிவைக்கும் நட்சத்திரத்தைக் காண முடியாத நாட்டின் பருவங்களைக் கொண்டு எமது ஏரிகளை அளக்கிறோம்.

ஓமானின் தெற்கே சலாலாவுக்குப் போனவர்கள் வாதி தர்பாத்தைப் பார்த்திருப்பார்கள். மலைகளுக்கு நடுவே ஏரி, கரையில் ஒட்டகங்கள், நல்ல மழை பெய்தால் பாறையிலிருந்து அருவி. யூன் 21 முதல் செப்டெம்பர் 21 வரை அங்கே தூறலும் மூடுபனியும். டுபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் போவார்கள். அந்தப் பருவத்துக்குப் பெயர் கரீப். அரபியில் அதற்கு இலையுதிர்காலம் என்று பொருள்! அங்கே இலையுதிர்காலத்தில்தான் மலை பச்சையாகிறது. இந்தியாவில் கரீப் சாகுபடி என்று சொல்வதும் இதே சொல்தான். நான்கு படக்காரர் அங்கே போனால் செம்மஞ்சளைத் தேடித் தோற்றுத் திரும்புவார்.

அந்தத் தூறலைக் கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. அதே காற்று, அதே மாதங்களில், இலங்கையின் மலையகத்தில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. எம்மோடு வேலை செய்யும் பெடியனின் ஊர் அது. இலங்கைச் சுற்றுலாப் படங்களில் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: நிறைந்த தண்ணீர், தேயிலைச் சரிவு, தூரத்தில் சிவனொளிபாதமலை. வரட்சி நீடித்தால் அங்கே வேறொன்று தெரியும். தண்ணீர் இறங்க இறங்கப் பழைய மஸ்கெலியா எழும்பி வருகிறது. கோயிலின் கற்கள், விகாரையின் மிச்சம், பள்ளிவாசலின் மிச்சம், ஒரு காலத்தில் ஆட்கள் நடந்த றோட்டு. 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர் அது.

அதே 1960களில் இன்னொன்றும் நடந்தது. 1948இன் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரை 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். மேலே ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கீழே பள்ளத்தாக்குகளை அணையால் மறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் கொழும்புக்குப் போனது. கம்பி தலைக்கு மேலால் போக, லயன் அறைகளில் நீண்ட காலம் குப்பிவிளக்குத்தான் எரிந்தது. தண்ணீர் நிறைந்த மாதத்தில் மட்டும் மவுஸ்ஸாக்கலையைப் படம் பிடிப்பவர் அந்த ஊரை மறுபடி ஒருதரம் மூழ்கடிக்கிறார். அவருக்கு அந்த நோக்கம் இராது. கமராவுக்கு நோக்கம் தேவையில்லை.

சுவிஸ் நண்பர்கள் கோபிக்கக்கூடும்: எங்கட ஏரிகள் அப்படியல்ல, இயற்கையாக உண்டானவை. சில அப்படித்தான். ஆனால் நீங்கள் ஏறிப்போய்ப் படம் எடுக்கும் உயர்மலை நீர்ப்பரப்புகள் பல, அணைகள். சாஸ் பள்ளத்தாக்கில் மாட்மார்க் என்று ஒன்று உண்டு. 1965 ஓகஸ்ட் 30 அன்று, அணைக் கட்டுமானத் தொழிலாளர் தங்கியிருந்த குடில்களின் மேல் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. 88 பேர் செத்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியத் தொழிலாளர். உணவறையும் பட்டறையும் குடிலும் பனிக்கட்டியின் நேர் கீழே கட்டப்பட்டிருந்தன. 1972இல் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். மேன்முறையீடு செய்த குடும்பங்கள் செலவில் பாதியைக் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது. கூலிக்கு வந்தவனின் குடிலை எங்கே கட்டலாம் என்ற யோசனை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரித்தான் போகிறது என்பதை வளைகுடாவில் இருந்துகொண்டு நாம் எளிதில் நம்புகிறோம்.

களைத்துப்போனவனுக்கு அழகு தேவை, அதையும் பறிக்கப் பார்க்கிறீர்களே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். பறிக்கவில்லை. ஹத்தாவில் ஓய்வுநாளில் வந்து நிற்கும் தொழிலாளரைப் பாருங்கள். மலையாளி, வங்காளி, நேபாளி, நாம். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிறோம். நல்ல கமரா வைத்திருப்பவர் எரிச்சலோடு நாம் விலகும்வரை காத்து நிற்பார், தண்ணீரை மறைக்கிறோமாம். அந்தப் படம் ஊருக்குப் போனதும் அம்மா ஏரியைப் பார்ப்பதில்லை. கன்னம் ஒட்டியிருக்கிறதா, கையில் சூட்டுத்தழும்பு புதிதா என்றுதான் பெரிதாக்கிப் பார்க்கிறா. “என்னடா மெலிஞ்சு போனாய், சாப்பாட்டுக் கடையில தானே வேலை?” என்று கேட்கிறா. போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் அவதான். பருவத்துக்குப் பருவம் படம் பிடிப்பது என்று நாம் இதைச் சொல்லுவோம். பிறரை அனுமதியின்றிப் படம் எடுப்பது இந்த நாட்டில் 2021இன் இணையக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்றம். ஆகவே எம்மை நாமே எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

ஒரு பாறையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாறையிலிருந்து பன்னிரண்டு மாதமும் எடுங்கள். தண்ணீர் இறங்கியதும் கரையில் தெரியும் வெள்ளைக்கோடு சட்டகத்துக்குள் வரட்டும். காவல்காரரின் தகரக்கொட்டில் வந்தால் வெட்டாதீர்கள். சம்மதம் கேட்டுவிட்டு, படகு கழுவுகிறவரையும் எடுங்கள். அல்ப்ஸ் மலை அணைகளில் தண்ணீர் ஆகக் குறைவாக இருப்பது பனிக்காலம் முடியும் தறுவாயில், ஏப்பிரல் அளவில். அது உங்களுடைய பங்கு. யூலையில் எம்மில் இருவருக்கு ஓய்வுநாள் ஒன்றாக விழுகிறது. பகல் ஒன்றரை மணிக்கு ஹத்தா அணையில் நின்று எடுத்து அனுப்புகிறோம். மஸ்கெலியாப் பெடியனுக்கு அடுத்த விடுப்பு எப்போது என்று முதலாளி இன்னும் சொல்லவில்லை.