சைக்கிளுக்கு எந்த ஊர் ஆபத்து? பட்டியல் சொல்வது ஒன்று, பாசிர் பெனம்பாங் சாலை சொல்வது வேறு

பெட்டாலிங் ஜெயாவில் சைக்கிள் ஓட்டுவது ஆபத்தா, பாசிர் பெனம்பாங்கில் ஓட்டுவது ஆபத்தா? இப்படிக் கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் பிஜே என்றுதான் சொல்வார்கள். அங்கேதானே கார் அதிகம், விபத்துச் செய்தியும் அதிகம். பாசிர் பெனம்பாங் என்றால் ஆறு, மீன்பிடிப் படகு, கடலுணவுக் கடை, கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பனைத் தோட்டம். அமைதியான ஊர்.

அமைதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரை ஊடுருவிப் போவது கூட்டரசு சாலை 5. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வந்து, சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பாசிர் பெனம்பாங், தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று சபாக் பெர்ணம் பக்கம் போகிற சாலை. கூட்டரசு சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். ஊருக்குள் அது குறையும், அறிவிப்புப் பலகையிலாவது.

அப்படியென்றால் எது ஆபத்தான ஊர் என்பதை எப்படிக் கணக்குப் போடுவது? இங்கேதான் சிக்கல்.

எதை எதால் வகுப்பது?

நமக்கு அடிக்கடி கிடைப்பது வெறும் எண்ணிக்கை. விபத்துகளின் எண்ணிக்கையில் சிலாங்கூர் வழக்கமாக முதலிடம். மக்களும் வாகனமும் அதிகம் உள்ள மாநிலம் முதலில் வருவதில் ஆச்சரியம் இல்லை. மாவட்டங்களும் அப்படித்தான். பெட்டாலிங் மாவட்டத்தில் சுமார் 23 லட்சம் பேர். கோல சிலாங்கூரில் 3 லட்சத்துக்கும் குறைவு. இரண்டின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதுவும் தெரியாது.

சரி, மக்கள் தொகையால் வகுத்தால்? ஓரளவு பரவாயில்லை. ஆனால் சைக்கிள் விஷயத்தில் அதுவும் ஏமாற்றும். நெதர்லாந்தைப் பாருங்கள். 2023-இல் அங்கே சாலை விபத்தில் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளோட்டிகள். பத்தில் நான்கு பேர்! இதை மட்டும் பார்த்தால் உலகிலேயே சைக்கிளுக்கு மோசமான நாடு அதுதான் என்று தோன்றும். உண்மை நேர் எதிர். அங்கே பயணங்களில் கால்பங்குக்கும் மேல் சைக்கிளில்தான். ஓட்டிய தூரத்தால் வகுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 2002 முதல் 2005 வரை நெதர்லாந்தில் 10 கோடி கிலோமீட்டருக்கு 1.1 சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். அமெரிக்காவில் அதே தூரத்துக்கு 5.8 பேர்.

ஆக, சரியான கேள்வி "எத்தனை பேர் செத்தார்கள்?" என்பது இல்லை. "எத்தனை கிலோமீட்டர் ஓட்டியதற்கு எத்தனை பேர்?" என்பதுதான்.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். 2023-இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,443 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். சைக்கிளோட்டிகளின் பங்கு மிகச் சிறியது. அதனால் சைக்கிள் பாதுகாப்பானது என்று சொல்லிவிடலாமா? ஓட்டுபவர்களே குறைவு என்றால் பங்கும் குறைவாகத்தானே இருக்கும்.

ஓட்டிய தூரத்தை யார் கணக்கெடுக்கிறார்கள் என்று தேடினால் இன்னொரு ஓட்டை தெரிகிறது. பொதுப்பணி அமைச்சின் போக்குவரத்துக் கணக்கெடுப்பு சாலையில் போகும் வாகனங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது: கார், சிறிய வேன், நடுத்தர லாரி, கனரக லாரி, பேருந்து, மோட்டார் சைக்கிள். சைக்கிளுக்கு அதில் இடமே இல்லை. மேலே வைக்க இறப்பு எண்ணிக்கை இருக்கிறது, கீழே வைத்து வகுக்க எண் இல்லை. பாசிர் பெனம்பாங் பாலத்தை ஒரு நாளில் எத்தனை சைக்கிள் கடக்கிறது என்று யாராவது நின்று எண்ணினால்தான் உண்டு.

மேலே வைக்கும் எண்ணும் முழுமை இல்லை. மோட்டார் வாகன விபத்து என்றால் 24 மணி நேரத்தில் போலீசில் புகார் செய்ய வேண்டும். காப்புறுதி கோரவும் அந்தப் புகார் வேண்டும். சைக்கிளுக்குக் காப்புறுதியும் இல்லை, சாலை வரியும் இல்லை. லாரி உரசாமல் காற்றடித்தே வாய்க்காலில் விழுந்து கை உடைந்த ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் என்ன எழுதிக் கொடுப்பார்? நேரே கிளினிக்குக்குப் போவார். பட்டியலில் அவர் வரவே மாட்டார்.

பயத்தால் வரும் பூஜ்யம்

சைக்கிளோட்டிகள் கூடினால் ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது என்பதை பீட்டர் ஜேக்கப்சன் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஓட்டுபவர்கள் இரண்டு மடங்கானால் விபத்துகள் இரண்டு மடங்காவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றன. அடிக்கடி சைக்கிளைப் பார்க்கும் ஓட்டுநர் அதை எதிர்பார்க்கப் பழகுகிறார்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், நம்ம கிராமச் சாலை புரியும். அம்மா, "பெரிய ரோட்டுப் பக்கம் சைக்கிள எடுத்துட்டுப் போகாத" என்று சொல்லிவிட்டால், அந்தப் பையன் பட்டியலில் வரமாட்டான். விபத்து பூஜ்யம். சாலை பாதுகாப்பாகிவிட்டதா? இல்லை, ஒருவர் ஓட்டுவதை விட்டுவிட்டார், அவ்வளவுதான். மிச்சம் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து கூடவும் செய்கிறது.

அப்படி மிச்சம் இருப்பவர்கள் யார்? ஞாயிற்றுக்கிழமை தலைநகரிலிருந்து வந்து செகிஞ்சான் வயல்வெளிப் பக்கம் கூட்டமாக ஓட்டுகிறவர்களைப் பலரும் பார்த்திருப்போம். பளிச்சென்ற உடை, ஹெல்மெட், பின்னால் மின்னும் விளக்கு. அவர்கள் பகலில் வருகிறார்கள், கூட்டமாக வருகிறார்கள். வேலை நாளில் ஓட்டுவது வேறு ஆட்கள்: லைசன்ஸ் எடுக்காத தோட்டத்துப் பெரியவர், வெளிநாட்டுத் தொழிலாளி, பள்ளிப் பிள்ளை. பெரும்பாலும் தனியாக, பலநேரம் இருட்டில்.

இருட்டு என்பது சும்மா சொல்லவில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் இங்கே சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட ஏழு மணி, சில மாதங்களில் ஏழரை. பெரட்டுக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்தில் வானம் கறுப்பாகத்தான் இருக்கும்.

தோட்டத்துக்குள் ஆபத்து குறைவு. செம்மண் பாதை, குண்டும் குழியும், லாரியே ஊர்ந்துதான் போகும். விழுந்தால் முட்டி தேயும். பாதை பெரிய சடக்கில் சேரும் இடத்தில்தான் கதை மாறுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வரும் வாகனத்தின் மோதல் ஆற்றல், 30-இல் வருவதைப் போல மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. நெரிசலில் நகரும் பிஜே கார் சைக்கிளைத் தட்டினால் பிழைக்க வழி உண்டு. செம்பனைக் குலை ஏற்றிய லாரி அந்த வேகத்தில் இடித்தால்? சிதறிக் கிடக்கும் பழம், டயரோடு வந்த சேறு, ஓரத்தில் வாய்க்கால் என்று ஒதுங்கவும் இடம் இருக்காது. சைக்கிளோட்டிக்கு மாற்று வழியும் இல்லை, டோல் விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது.

ஆகவே என் கணிப்பு இது: விபத்து நடக்கும் வாய்ப்பு பிஜேவில் அதிகமாக இருக்கலாம், நடந்த விபத்து உயிரை எடுக்கும் வாய்ப்பு கூட்டரசு சாலை 5-இல் அதிகம். ஒரே பட்டியலில் இரண்டையும் வரிசைப்படுத்தினால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

லாஜாக் பேச்சில் மறைந்தவர்கள்

நம் நாட்டில் சைக்கிள் பாதுகாப்பு என்றாலே 2017 பிப்ரவரி 18 நினைவுக்கு வருகிறது. ஜொகூர் பாருவில் அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஒரு கார் மோதி, மாற்றியமைத்த ‘பாசிக்கல் லாஜாக்’ ஓட்டிய 8 பதின்ம வயதினர் இறந்தார்கள். கார் ஓட்டுநர் மீதான வழக்கு ஆறு ஆண்டுகள் இழுத்து, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஓட்டுநரா, பிள்ளைகளா, பெற்றோரா என்று யார் மேல் தப்பு என்பதிலேயே நாடு இரண்டுபட்டது. வேலைக்குச் சைக்கிளில் போகிறவரின் சாலை எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சு அந்தச் சத்தத்தில் எடுபடவே இல்லை.

இத்தனைக்கும் வழி தெரியாத நாடு இல்லை இது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போடுவது 1970-களிலேயே தொடங்கியது. பின்னர் அந்தத் தடம் நீட்டிக்கப்பட்டபோது, அந்தப் பகுதியில் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக ராடின் உமார் குழுவினரின் ஆய்வு சொன்னது. வடக்கு சிலாங்கூரில் அவ்வளவு பெரிய தடம்கூட வேண்டாம். பாலத்தின் இரண்டு முனைகளிலும், தோட்டப் பாதைகள் சேரும் சந்திப்புகளிலும் விளக்கும், ஒன்றரை மீட்டர் ஓரமும் இருந்தாலே ஓட்டுகிறவருக்கு நிலைமை மாறும்.

கேட்பது யாரிடம் என்பதில்தான் பலர் சுற்றுகிறார்கள். கூட்டரசு சாலை 5 என்றால் பொதுப்பணித் துறை, அதாவது ஜே.கே.ஆர். தாமான், கடைத்தெருச் சாலைகள் என்றால் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம். தோட்டப் பாதை என்றால் தோட்ட நிர்வாகம். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால், சைக்கிளில் போயிருந்தாலும், சந்தாதாரர் பெர்கேசோவில் கோரலாம். கிளினிக் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை நாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை சந்திப்பில் நின்று சைக்கிள்களை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண் இப்போதைக்கு எந்த அலுவலகத்திலும் இல்லை.