சத்து மாத்திரை உணவா, மருந்தா?

2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. பல மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து விற்பதற்கு மருத்துவக் காரணம் இல்லை, ஆபத்தும் உண்டு என்பது அரசின் விளக்கம். 2016-இல் 344 மருந்துகளுக்கு விதித்த தடை நீதிமன்றங்களில் சிக்கி, 2018-இல் 328 மருந்துகளுக்கு மீண்டும் வந்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் அதே கடையின் பக்கத்து அலமாரியில், இருபது முப்பது சத்துகளைக் கலந்த மாத்திரைகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றை இந்தத் தடை தொடாது. சட்டத்தின் கண்ணில் அவை மருந்து அல்ல, உணவு!

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவை வருகின்றன. எந்தெந்தப் பொருளைச் சேர்க்கலாம் என்று பட்டியல் உண்டு. 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்பதும் விதி. அதுவும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். எறும்பு ஊர்ந்தாற்போன்ற அந்த எழுத்தைப் படிப்பவர் யார்? டாக்டர் சீட்டு இல்லாமலே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார்.

நல்ல உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் பணம்தான் நஷ்டம். நோயாளியின் கதை வேறு. தைராய்டு மாத்திரையோடு கால்சியமோ இரும்புச் சத்தோ சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

காசநோய்க்குத் தரப்படும் ஐசோனியாசிட், உடம்பில் வைட்டமின் பி6-ஐக் குறைக்கும். கை கால் மரத்துப் போகும். இதைத் தடுக்க டாக்டரே சிறிய அளவில் பி6 தருகிறார். அது போதாதென்று நோயாளி தாமாக வேறு மாத்திரைகளையும் வாங்கி, அதே பி6-ஐ அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டாலும் நரம்பு கெட்டு, கை கால் மரத்துப் போகும். மருந்து போதவில்லை என்று எண்ணி இன்னும் கூட்டிக்கொள்பவரும் உண்டு.

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இதில் தனிச் சங்கடம். இங்கே இ.எஸ்.ஐ. டாக்டர் ஒரு சீட்டு எழுதுகிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்குள்ள டாக்டர் இன்னொன்று எழுதுகிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. கம்பெனிப் பெயர் வேறாக இருப்பதால், இரண்டும் ஒரே சரக்கு என்பது வீட்டாருக்கும் தெரிவதில்லை. வாரம் ஒன்று என்று தரப்படும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்கினால், இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மயக்கம், சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று: டாக்டரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டு போகாமல், வீட்டிலுள்ள டப்பா, பாட்டில் அத்தனையையும் ஒரு பையில் போட்டு அவர் மேஜை மீது வைத்துவிடலாம். அரசு செய்ய வேண்டியதும் அதிகமில்லை. 'வேறு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது' என்ற வாக்கியத்தைப் பெரிய எழுத்தில், அந்தந்த மாநில மொழியிலும் அச்சிடச் சொல்லலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. விதியில் ஒரு திருத்தம் போதும்.