'ரூட் விடுறது' காதலா, குற்றமா? சட்டம் சொல்வது என்ன?

பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலம் ஆகட்டும், சென்னை ஆகட்டும், காலேஜ் பசங்க பேச்சில் அடிக்கடி வரும் வார்த்தை: "அவன் அந்தப் பொண்ணுக்கு ரூட் விடுறான்."

அர்த்தம் என்ன?

'சைட் அடிக்கிறது' என்றால் தள்ளி நின்று பார்ப்பது. 'கடலை போடுறது' என்றால் இருவரும் பேசிக்கொண்டே இருப்பது. 'ரூட் விடுறது' ஒருவர் மட்டுமே செய்யும் முயற்சி. அந்தப் பெண் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் நண்பர்கள் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

சட்டப்படி?

விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயன்றால், பி.என்.எஸ். பிரிவு 78-ன் கீழ் குற்றம். அவரது ஆன்லைன் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் குற்றம்தான். மத்திய சட்டப்படி முதல்முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

வார்த்தையில் என்ன இருக்கு?

1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த கும்பலின் அத்துமீறலால் கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து வந்த தமிழகச் சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. டீசிங் என்றால் கேலி. உயிரைப் பறித்த விஷயத்துக்குக் கேலி என்று பெயரா? 2002-ல் அந்தச் சொல் நீக்கப்பட்டு, 'பெண்களைத் துன்புறுத்துதல்' என்று மாறியது.

சட்டம் மாற்றிக்கொண்டது. நம்ம பேச்சும் மாறணும். அவள் மறுத்த பிறகு அது 'ரூட்' இல்லை, தொல்லை.

உதவிக்கு: பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.