முப்பது நாள் விருந்தாளிக்கு வேலை ஏது?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கள்ளக்குறிச்சியில் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, படிக்கட்டு ஓரத்தில் ஒரு தாய் காத்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மகனின் பாஸ்போர்ட் நகல், விமான டிக்கெட்டின் நகல், நகை அடகு வைத்த ரசீது. "ஹஜ்ரத், பையன் மலேசியாவுக்குப் போய் நாலு மாசம் ஆச்சு. ரெண்டு வாரமா போன் இல்லை. அவனைப் பிடிச்சுட்டாங்கன்னு கூட இருக்கிற பையன் சொல்றான். எங்கே வச்சிருக்காங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

விசாரித்தோம். அனுப்பிய ஏஜெண்ட் வாங்கிய தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ரசீது இல்லை. வேலை ஒப்பந்தம் இல்லை. "விசாவே தேவையில்லாத நாடு. போய் இறங்கினால் முதலாளியே பெர்மிட் அடித்துக் கொடுப்பார்" என்று சொல்லித் திருச்சியில் விமானம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பையனுடன் போன இன்னொருவன் யார் தெரியுமா? கல்வராயன் மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடி இளைஞன். அவன் வீட்டாருக்கு வந்து கேட்கக்கூட வழி தெரியவில்லை. அவனை அந்த ஏஜெண்டிடம் சேர்த்துவிட்டவரோ நம்முடைய வணிகர்களில் ஒருவர்!

இந்தத் தலையங்கத்தை எழுதத் தூண்டியது அந்தத் தாயின் கண்ணீர் மட்டுமல்ல. இந்தக் கடைசிச் செய்திதான் நம் உறக்கத்தைக் கெடுத்தது.

சலுகை எது? உரிமை எது?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியர்கள் விசா இன்றி வந்து 30 நாட்கள் வரை தங்கலாம் என்று 2023 நவம்பரில் மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹீம் அறிவித்தார். 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இது சுற்றுலாவுக்கும், உறவினரைப் பார்ப்பதற்கும், சரக்குப் பார்த்துப் பேசி முடிக்கும் வணிகருக்கும் கிடைத்த சலுகை. நல்ல சலுகைதான், மறுக்கவில்லை.

ஆனால் விசா தேவையில்லை என்றால் எதுவுமே தேவையில்லை என்று பொருளா? இல்லை! பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் வேண்டும். தங்குமிடத்தின் விவரம் வேண்டும். செலவுக்குப் போதிய பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் 'டிஜிட்டல் வருகை அட்டை' என்னும் படிவத்தைக் கணினி வழியே நிரப்பி அனுப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இதையே "இ-விசா எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பிடுங்கும் கூட்டமும் இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் விமான நிலையத்தில் அமர்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரிதான். "எந்த ஹோட்டல்? எத்தனை நாள்? எங்கெல்லாம் சுற்றிப் பார்ப்பாய்?" என்று அவர் கேட்கிறார். சொல்லிக் கொடுத்த பொய்யைத் திக்கித் திணறிச் சொல்லும் நம் பையன் அங்கேயே தடுக்கப்பட்டு, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகிறான். உண்மையில் அவன்தான் பாக்கியசாலி! பணம் மட்டும்தான் போயிற்று.

உள்ளே நுழைந்துவிட்டவனின் கதையைக் கேளுங்கள். முப்பத்தோராம் நாள் அவன் சட்டவிரோதக் குடியேறி ஆகிறான். மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதி முடிந்தும் தங்கியிருப்பவருக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவனை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு ஆளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம். அதனால் சோதனை வருகிறது என்றால் முதலாளி முதலில் செய்யும் காரியம், பையனைப் பின்வாசல் வழியாக விரட்டுவதுதான். சம்பளப் பாக்கியை யாரிடம் கேட்பான்? அடித்தால் எங்கே புகார் கொடுப்பான்? காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவான்?

சபுராளிகளின் சமுதாயம் நம்முடையது. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன பாட்டன்மார்களின் பேரர்கள் நாம். அவர்கள் தெருத் தெருவாக விற்றார்கள், கடை வைத்தார்கள். அவர்களுக்கும் முந்திப் போன நம்மவர்கள் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பினார்கள். அவர்கள் பெயர் இன்றும் அங்கே மரியாதையாக உச்சரிக்கப்படுகிறது. அவர்களின் பேரன் உணவகத்தின் பின்கட்டில் ஒளிந்து தட்டுக் கழுவுவதா?

ஏஜெண்ட் நுழையும் ஓட்டை

ஏன் ஏஜெண்டுகள் இந்த முப்பது நாள் வழியையே தேடுகிறார்கள்? காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்னும் வகையைச் சேர்ந்தது. அத்தகையவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம், சம்பளம், முதலாளி யார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. ஆனால் சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. இந்த ஓட்டையில்தான் ஏஜெண்ட் நுழைகிறார்! தொழிலாளியைச் சுற்றுலாப் பயணியாக வேடமிட்டு அனுப்பினால் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் பொறுப்பும் இல்லை.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெற்றவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி. அவ்வளவுதான்! மீறுவோருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை என்ன? இரண்டாண்டு வரை சிறை. இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் சுருட்டுகிறவனுக்கு இரண்டாயிரம் ரூபாய் ஒரு தண்டனையா?

மலேசியாவோடு முடியவில்லை. தாய்லாந்துக்குச் சுற்றுலா என்று போனவர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, கணினி மோசடிக் கூடங்களில் அடிமைகளாக்கப்பட்டார்கள். 2022இலேயே மத்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. ஆனாலும் 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை இரண்டு விமானப்படை விமானங்களில் மீட்டுவர வேண்டியதாயிற்று. ஈரானுக்கு விசா இன்றிப் போகலாம் என்ற சலுகையைக் காட்டி வேலைக்கென்று அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் அங்கே கடத்தப்பட்டு, பணயத் தொகை கேட்டு மிரட்டப்பட்டார்கள். விளைவு? 2025 நவம்பர் 22 முதல் ஈரான் அந்தச் சலுகையையே நிறுத்திவைத்தது. சில தரகர்களின் பேராசையால் நேர்மையான பயணிகளின் வாசலும் அடைபட்டது!

மலை சொல்லும் பாடம்

கல்வராயன் மலைக்கு இந்தக் கதை புதிதல்ல. ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்த மலை அது. சாலையும் பள்ளிக்கூடமும் பிந்தி வந்த இடத்துக்குத் தரகன் முந்தி வந்துவிடுகிறான். இங்கிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் "மரம் வெட்டப் போகலாம், கை நிறையக் கூலி" என்று இளைஞர்களை முன்பணம் கொடுத்து ஆந்திரக் காடுகளுக்கு ஏற்றிச் சென்றார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழர்கள் 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் கூலிகள். செம்மரத்தில் கோடி பார்த்தவர்கள் அந்தக் காட்டுக்குள் இல்லை!

அன்று லாரி, இன்று விமானம். மற்றபடி முறை ஒன்றுதான். முன்பணம், இனிப்பான பேச்சு, கையில் ஒரு காகிதம்கூட இல்லாத பயணம், மாட்டிக்கொண்டால் "எனக்குத் தெரியாது" என்னும் ஒரே பதில்.

அமானிதம் என்றால் என்ன?

இளைஞனே! உன்னிடம் மார்க்கத்தின் பெயரால் ஒரு கேள்வி. ஒரு நாட்டின் எல்லையில் "சுற்றிப் பார்க்க வந்தேன், முப்பது நாளில் திரும்புவேன்" என்று சொல்லி முத்திரை வாங்குகிறாயே, அது என்ன? அது ஒப்பந்தம்! நம்முடைய ஃபிக்ஹு நூல்கள் இதனை 'அமான்' என்று அழைக்கின்றன. அமான் பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைந்தவர், அது முஸ்லிம் நாடோ அல்லாத நாடோ, அங்கே வாக்குத் தவறக் கூடாது என்று இமாம்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். சூரா அல்மாயிதாவின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படிதான் நமக்குக் கட்டளையிடுகிறது. பொய்யில் தொடங்கும் பயணத்தில் பரக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி?

வணக்கத்தின் பெயரால்கூட இந்தத் தவறு நடக்கிறது. விசிட் விசாவில் போய் ஹஜ் செய்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். 2024 ஹஜ்ஜின் கடும் வெப்பத்தில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள். கூடாரம் இல்லை, வாகனம் இல்லை, நிழல் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2025இல் அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் என்று சவூதி அறிவிக்க வேண்டியதாயிற்று.

வணிகப் பெருமக்களே!

இப்போது உங்களிடம் வருகிறோம். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் மரவள்ளியும் கொண்டு வருகிறவன் உங்கள் மண்டிக்குத்தான் வருகிறான். எடை போட்டு நீங்கள் எழுதித் தரும் சீட்டை அவன் சந்தேகிப்பதில்லை. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அவன் முதலில் கேட்பதும் உங்களைத்தான். அந்த நம்பிக்கை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தலைக்கு ஐயாயிரம் கமிஷனுக்காக அதை விற்கலாமா? "நான் ஆளைத்தான் அறிமுகப்படுத்தினேன்" என்று இங்கே சொல்லித் தப்பிக்கலாம். மறுமையில் அந்த மலைவாசித் தாய் உங்கள் சட்டையைப் பிடிக்கும்போது என்ன சொல்வீர்கள்? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் சொந்தப் பயணத்திலும் எச்சரிக்கை தேவை. சரக்குப் பார்க்கப் போகிறவர் சரக்குப் பார்த்துத் திரும்புங்கள். விமான நிலையத்தில் "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று யார் கெஞ்சினாலும் மறுத்துவிடுங்கள். குருவியாகப் பறந்தவர்கள் பலர் கூண்டில் கிடக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

வெளிநாட்டு வேலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் ஒரு சூராவிலேயே நினைவூட்டும் மார்க்கம் நம்முடையது. போங்கள், நேர்வழியில் போங்கள்!

வேலைக்குப் போவதென்றால் வேலை விசா இந்தியாவிலேயே கைக்கு வந்த பிறகு புறப்படுங்கள். "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று எவன் சொன்னாலும் அவன் மோசடிக்காரன் என்று முடிவு செய்யுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் 'இமைக்ரேட்' இணையதளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் 1800 11 3090 என்னும் கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் உதவி மையத்தைக் கேளுங்கள். 1978 முதல் தமிழக அரசே நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள் ஒளிந்து திரிய வேண்டாம். மலேசியாவும் அமீரகமும் அவ்வப்போது பொதுமன்னிப்பு அறிவிக்கின்றன. 2024இல் மலேசியா, மார்ச் முதல் டிசம்பர் வரை, 500 ரிங்கிட் தண்டத்தோடு நாடு திரும்ப அனுமதித்தது. அப்படி ஒரு வாய்ப்பு அறிவிக்கப்படும்போது, இந்தியத் தூதரகம் வழியாக அவசரப் பயண ஆவணம் பெற்று உடனே திரும்பிவிடுங்கள். இல்லாத நாட்களில் குடும்பத்தார் காலம் தாழ்த்தாமல் தூதரகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறோம். மையித்துப் பதிவேடு வைத்திருக்கிறோம். பயணப் பதிவேடு ஒன்றும் வைப்போம். மஹல்லாவிலிருந்து யார், எந்த நாட்டுக்கு, எந்த விசாவில், யார் மூலம் போகிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆவண நகல்களை வைத்துக்கொள்வோம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கும் அந்தப் பதிவேட்டில் இடம் கொடுப்போம். அண்டை வீட்டாரின் உரிமையில் மதம் குறுக்கிடுவதில்லை.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகத்தில் வெளிநாடு செல்வோருக்கென ஒரு வழிகாட்டும் மேசையைத் திறக்க வேண்டும். வாரம் ஒருநாள் அது வெள்ளிமலையிலும் இயங்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் அபராதம் என்னும் கேலிக்கூத்தை மத்திய அரசு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

படிக்கட்டில் நின்ற அந்தத் தாயின் மகன் ஒரு தடுப்பு முகாமில் இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. தூதரகத்துக்கு மனு அனுப்பியுள்ளோம். மலைக்குச் சென்று மற்றப் பையனின் பெற்றோரையும் பார்த்து, அவர்கள் பெயரிலும் ஒரு மனு எழுதி அனுப்பினோம். ஏஜெண்டிடம் அவனைச் சேர்த்துவிட்ட வணிகரும் உடன் வந்தார். தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார். வாங்கிய கமிஷனை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ்! அவரைப் போல் திருந்த வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இருவரும் நலமுடன் வீடு திரும்ப துஆச் செய்யுங்கள். அடுத்த பாஸ்போர்ட் உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து வெளியே வருமுன் இந்த இதழை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!